படிக்கும் முன் ஒரு வார்த்தை

மலர்க் குழுவினர் என்னிடம், "இந்த வருஷம் நூலகத்தைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டபோது வழக்கமான கணக்கை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எத்தனை உறுப்பினர், எத்தனை புத்தகம், எத்தனை திரும்பி வரவில்லை என்ற கணக்கு. ஆனால் எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தவை திரும்பி வராத புத்தகங்கள் அல்ல. திரும்பி வந்த இரண்டு புத்தகங்கள். அவை எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தன. அந்தப் பாடத்தை அன்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நம் நூலகம் பெரிய இடமில்லை. இரண்டு ஸ்டீல் பீரோ, நாலு மர அலமாரி, ஒரு மேஜை, ஒரு நீளமான நோட்டு. ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடுவேன். லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டு, கையில் பையோடு வந்து புத்தகம் எடுத்துப் போகிறவர்கள்தான் பெரும்பாலும்.

முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வந்தவர் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒருவர். பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, "சார், இதை நீங்க படிச்சுட்டுத்தான் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். அவர் மகள் பத்தாம் வகுப்பு. தமிழில் நாவல் படிக்க வேண்டும் என்று அவளாகவே ஆசைப்பட்டு எடுத்துப் போனாள். அதில் ஒரு புருஷன் பெண்டாட்டியின் அந்தரங்கம் மூன்று பக்கத்துக்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. நல்ல நாவல், மதிப்புள்ள எழுத்தாளர். ஆனால் அந்த மூன்று பக்கம் எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.

செயற்குழு கூடியது. பதினொரு புத்தகங்களைத் தனியே எடுத்து ஒரு பீரோவில் வைத்துப் பூட்டுவது என்று முடிவாயிற்று. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். சாவி என் பையில். அடுத்த மாதமே அதுவரை நூலகப் பக்கம் தலைகாட்டாத இரண்டு பையன்கள் வந்து, "மாமா, அந்தப் பூட்டின பீரோல என்ன இருக்கு?" என்று கேட்டார்கள்!

இரண்டாவது புத்தகம் அதற்குச் சில மாதங்கள் கழித்து வந்தது. கொண்டு வந்தவர் நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி. நாற்பது, ஐம்பது பக்கம் படித்த அடையாளம் இருந்தது. "தம்பி போனது உங்களுக்குத் தெரியுமே, மாமா" என்றார். தெரியும். துக்கம் விசாரிக்கப் போனவன்தானே நான். அந்தப் பிள்ளை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாவலில் ஒருவன் அப்படியே செய்துகொள்வதை ஆசிரியர் அணு அணுவாக வர்ணித்திருந்தார். அந்தப் புத்தகத்தை, "அருமையான நாவல்மா, எடுத்துக்கோ" என்று நானே கையில் கொடுத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாமா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புத்தகம் பூட்டின பீரோவில் இல்லை. அதைப் பூட்ட வேண்டும் என்று எங்கள் செயற்குழுவில் யாருக்கும் தோன்றியிருக்காது. ஏனென்றால் அதில் 'ஆபாசம்' எதுவும் கிடையாது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது பூட்டு அல்ல, அந்த ஒரு வார்த்தை.

தடை, பூட்டு, அறிவிப்பு

மூன்றையும் நாம் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம். தடை என்பது புத்தகமே இருக்கக் கூடாது என்று சொல்வது. பூட்டு என்பது புத்தகம் இருக்கட்டும், இன்னார் தொடக் கூடாது என்று சொல்வது. முன்னறிவிப்பு என்பது இதில் இன்னது இருக்கிறது, எடுப்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம் என்று சொல்வது. முதல் இரண்டிலும் முடிவு வேறொருவர் கையில். மூன்றாவதில் முடிவு படிக்கிறவர் கையில்.

இப்போது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் சில நாவலின் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு குறிப்புப் போடுகின்றன. வன்முறை, பலாத்காரம், தற்கொலை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, வெளிப்படையான பாலுறவுக் காட்சி என்று ஒன்றிரண்டு வரி. நம்மவர்கள் சிலர் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிலர் இதுவும் ஒரு தணிக்கைதான் என்று கொதிக்கிறார்கள். நாம் குடியிருக்கும் இந்த ஊரின் கதையையே எடுத்துப் பார்த்தால், அறிவிப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பது தெரியும்.

கல்கத்தா நீதிமன்றங்களில் மூன்று எழுத்தாளர்கள்

நமக்குத் தீபாவளி மலர் மாதிரி, வங்காளிகளுக்குப் பூஜைச் சிறப்பிதழ். 1967ஆம் வருடம் 'தேஷ்' பத்திரிகையின் சாரதீய இதழில் சமரேஷ் பாசு எழுதிய 'பிரஜாபதி' என்ற நாவல் வெளியாயிற்று. பிரஜாபதி என்றால் வங்காளத்தில் பட்டாம்பூச்சி. சுகேன் என்ற அடாவடிக்கார இளைஞன் தன் வாயாலேயே சொல்லும் கதை. அவன் பேசுகிற பேச்சும் அவன் நினைக்கிற நினைப்பும் அவன் மாதிரியேதான் இருக்கும்.

1968 பிப்ரவரியில் அமல் மித்ரா என்ற இளம் வக்கீல் இது ஆபாசம் என்று தலைமை மாகாண மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். எழுத்தாளர் சார்பில் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் கவிஞர் புத்ததேவ போஸ். அந்த வருடம் டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் தலா 201 ரூபாய் அபராதம். சிறப்பிதழில் அந்த நாவல் இருந்த 174 முதல் 226 வரையிலான பக்கங்களை அழித்துவிட வேண்டும் என்றும் உத்தரவு. 1972இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கடைசியாக 1985 செப்டம்பர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. புகார் கொடுத்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் பதினேழரை வருடம்.

சாட்சி சொல்ல வந்த புத்ததேவ போஸின் கதையும் இதேதான். 1967இல் வெளியான அவருடைய 'ராத் போரே பிருஷ்டி' நாவல்மீதும் வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை, பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலை. அதற்கும் முன்னால் 1964 செப்டம்பரில் 'பசித்த தலைமுறை' இயக்கத்தின் மலய் ராய் சௌதுரி ஒரு கவிதைக்காகக் கைதானார். 1965 டிசம்பரில் 200 ரூபாய் அபராதம், 1967 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் விடுதலை.

மூன்று வழக்கிலும் முடிவு ஒன்றே. எழுத்து தப்பியது, ஆனால் எழுத்தாளரின் வருடங்கள் திரும்பவில்லை. இதில் எனக்குத் தோன்றுவது ஒன்று. பூஜை இதழ் என்பது வீட்டுக்கு வீடு வாங்குவது. பாட்டி படிப்பார், மருமகள் படிப்பார், பள்ளிக்கூடம் போகும் பேரனும் படிப்பான். அந்த இதழில் சுகேனின் பேச்சைத் திடீரென்று எதிர்கொண்ட குடும்பங்கள் திகைத்திருந்தால் அதில் வியப்பில்லை. அந்தத் திகைப்பைத் தீர்க்க நாவலின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி போதுமாக இருந்திருக்கலாம். அந்த வழக்கம் இல்லாத காரணத்தால் திகைத்தவருக்கு இருந்த ஒரே வாசல் நீதிமன்றம். நீதிமன்றத்துக்கு இருந்த வழிகளும் இரண்டே: பக்கத்தை அழிப்பது, அல்லது ஆசிரியரை விடுவிப்பது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆபாசம் எது என்பதற்கு 1868இல் இங்கிலாந்தில் 'ஹிக்லின்' வழக்கில் ஓர் அளவுகோல் சொன்னார்கள். கெட்டுப் போகக்கூடிய மனசுள்ள ஒருவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்குமா என்று பார்ப்பது. அதாவது எல்லோரிலும் பலவீனமானவரை வைத்து எல்லோருக்குமான புத்தகத்தை அளப்பது. 1964இல் பம்பாயில் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை விற்ற ரஞ்சித் உதேஷி என்ற புத்தகக் கடைக்காரர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அந்த அளவுகோலையே எடுத்துக் கொண்டது.

'பிரஜாபதி' தீர்ப்பு அங்கிருந்து வெகுதூரம் வந்தது. கொச்சையாக இருப்பதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்றார்கள் நீதிபதிகள். தீர்ப்புச் சொல்கிறவர் முதலில் தன்னை எழுத்தாளர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் புத்தகம் யார் யார் கையில் போய்ச் சேருமோ அந்த எல்லா வயது வாசகர் இடத்திலும் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நூலகத்தில் உட்காருகிறவனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. ஹிக்லின் அளவுகோலை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக ஒதுக்கியது 2014இல். அதுவும் நம் ஊரில் பிறந்த வழக்குதான். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரின் படம் ஒன்றை 1993இல் இங்கே வெளியான ஒரு பத்திரிகையும் ஒரு நாளிதழும் மறுபிரசுரம் செய்ததால் வந்தது. முழுமையாகப் பார்க்க வேண்டும், இன்றைய சமுதாயத்தின் பொது அளவில் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

1860ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தில் 292ஆம் பிரிவு ஆபாசப் புத்தகம் பற்றியது. இருபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அத்தகையதைக் கொடுப்பது 293ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 294, 295 ஆகிவிட்டன. வயது வரம்பு பதினெட்டாயிற்று. இலக்கியம், கலை, அறிவியல் இவற்றுக்காகப் பொது நன்மை கருதி வெளியிடுவதற்கும், பழங்கோயில் சிற்பத்துக்கும், தேர்ச் சிற்பத்துக்கும் விலக்கு உண்டு. நம் ஊர்த் தேர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விலக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை!

ஆக, ஆபாசம் என்று முடிவானால் குற்றம், இல்லையென்றால் இல்லை. நடுவில் ஒரு படி புத்தகத்துக்குக் கிடையாது. சினிமாவுக்கு இருக்கிறது. 1952ஆம் வருடச் சட்டப்படி 'யு', 'ஏ' என்ற சான்றிதழ்கள் இருந்தன. 1983இல் 'யுஏ'வும் 'எஸ்'ஸும் சேர்ந்தன. 2023 திருத்தத்தில் 'யுஏ' என்பதையே 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். வீட்டு டி.வி.யில் இணையம் வழியாக வரும் தொடர்களுக்கு 2021 விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வயதை மட்டும் சொன்னால் போதாது, வன்முறையா, பாலுறவா, கெட்ட வார்த்தையா என்று என்ன இருக்கிறது என்பதையும் ஆரம்பத்தில் காட்ட வேண்டும். அந்த இரண்டாவது பாதிதான் நான் சொல்லும் முன்னறிவிப்பு. நம் அலமாரியில் இருக்கும் நாவலுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் கட்டாயம் இல்லாததால் செய்யக் கூடாது என்று ஆகிவிடாது.

நம் தமிழில் இது புதிதா?

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலர் நடுவே சொல்லத் தகாத சொல்லைத் தொல்காப்பியம் 'அவையல் கிளவி' என்கிறது. அப்படிப்பட்டதை வேறு சொல்லால் சொல்வதற்கு நன்னூல் 'இடக்கரடக்கல்' என்று பெயர் வைத்து, தகுதி வழக்கில் சேர்த்திருக்கிறது. 'கால் கழுவி வந்தேன்' என்று நாம் இன்றும் சொல்வது இடக்கரடக்கல்தான். விஷயத்தைச் சொல்லாதே என்று இலக்கணம் சொல்லவில்லை. யார் முன்னால், எப்படி என்பதைப் பார் என்கிறது.

அகப்பாடல்களை எடுத்துக் கொள்ளுங்கள். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பாட்டோடு சேர்ந்து ஒரு சிறு குறிப்பு இருக்கும். இது தலைவி கூற்று, இது தோழி கூற்று, இன்ன சந்தர்ப்பத்தில் சொன்னது என்று. அந்தக் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல, பிற்காலத்தில் தொகுத்தவர்கள் சேர்த்தவை. அவர்கள் காதலையும் களவையும் பற்றிய பாட்டு எதையும் மறைக்கவில்லை. உள்ளே போகிறவருக்கு வாசலில் ஒரு விளக்கு வைத்தார்கள். நம் ஊர் அலிப்பூர் தேசிய நூலகத்தில் சங்க இலக்கியப் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூல் சேகரம் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். ஒரு பாட்டுக்கு ஒரு வரிக் குறிப்பு எழுதியவர்தான் நம் மொழியின் முதல் நூலகர்.

திருக்குறளிலும் 133 அதிகாரத்தில் 25 அதிகாரம் காமத்துப்பால். பெயரே அறிவிப்பு. 1730 வாக்கில் லத்தீனில் மொழிபெயர்த்த வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் மட்டும் எடுத்துக் கொண்டு இதை விட்டுவிட்டார். 1886இல் ஜி.யு. போப் மூன்றையும் ஆங்கிலத்தில் கொடுத்தார். பால் பிரித்து வைத்திருந்ததால் வேண்டாதவர் விட முடிந்தது, வேண்டியவர் எடுக்க முடிந்தது, குறளுக்கும் ஒன்றும் குறையவில்லை.

விட்டுவிட வேண்டும் என்று மற்றவர்கள் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' பாடினார். அது அச்சானபோது பல பகுதிகளை வெட்டிவிட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை எழுப்பிய அதே அம்மையார், முழு ஏட்டைத் தேடிப் பிடித்து 1910இல் பதிப்பித்தார். அரசு ஆபாசம் என்று பறிமுதல் செய்து தடை போட்டது. 1947இல் பிரகாசம் பந்துலு சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. ஒரு முழுத் தலைமுறை அந்தக் காவியத்தைப் படிக்காமலே போய்விட்டது.

திருச்செங்கோட்டுக் கதை

நம் காலத்துக்கு வருவோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளியானது. குழந்தையில்லாத ஒரு தம்பதியின் வேதனை. நாலு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் நகலெடுத்துப் பரப்பினார்கள், போராட்டம் மூண்டது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பிறகு, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, எழுத்தாளர் மறுபடி எழுந்து எழுதட்டும் என்றது.

அங்கே நடந்த எல்லாவற்றையும் ஒரு முன்னறிவிப்பு தடுத்திருக்கும் என்று சொன்னால் அது அறியாமை. ஊர்ப் பெருமையும் சாதியும் கலந்த கோபத்துக்கு முதல் பக்கத்தில் போடும் இரண்டு வரி மருந்தாகாது. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு கருத்து இருக்கிறது. ஒரு புத்தகத்தைப் படிப்பதும் படிக்காமல் விடுவதும் வாசகரின் தேர்வு, பிடிக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடலாம் என்பது. மிகச் சரி. ஆனால் தேர்வு என்றால் தெரிந்து எடுப்பதுதானே? தம்பியை இழந்த அந்தப் பெண்மணி புத்தகத்தை மூடத்தான் செய்தார். மூடுவதற்குள் படித்துவிட்டிருந்தார்.

எதிர்வாதங்கள்

இந்தக் கட்டுரைக்கு நண்பர்கள் நாலைந்து பேரிடம் கருத்துக் கேட்டேன். அவர்கள் சொன்னவற்றை ஒதுக்கிவிட முடியாது.

ஒன்று, அறிவிப்பே விளம்பரமாகிவிடும். உண்மைதான். 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற சுவரொட்டி எந்தக் காலத்தில் பையன்களைத் துரத்தியிருக்கிறது? எங்கள் பூட்டின பீரோவே சாட்சி. அமெரிக்காவில் பாட்டு கேசட்டுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று பெற்றோர் சிலர் இயக்கம் நடத்தி, 1985 செப்டம்பர் 19ஆம் தேதி செனட்டில் விசாரணை நடந்தது. 'பிரஜாபதி' தீர்ப்புக்குச் சரியாக ஐந்து நாள் முன்னால்! நம் ஊர்க் காலேஜ் பையன்கள் கிதாரில் வாசிக்கும் பாட்டுகளின் ஜான் டென்வர் அங்கே போய் எதிர்த்துச் சாட்சி சொன்னார். மலையழகைப் பாடிய தன் பாட்டையே போதைப் பாட்டு என்று தவறாக நினைத்துச் சில வானொலி நிலையங்கள் ஒதுக்கிய கதையைச் சொன்னார். குறிப்பு எழுதுகிறவர் படிக்காமல் எழுதினால் இதுதான் நடக்கும்.

இரண்டு, ஒரு நாவலை நாலு சொல்லில் அடக்கினால் அந்த நாவல் சிறுத்துப் போகும். 174ஆம் பக்கத்திலிருந்து 226 வரை கிழி என்ற மாஜிஸ்திரேட்டும், பக்கங்களை நகலெடுத்துப் பரப்பியவர்களும் செய்ததைத்தானே நீங்களும் செய்கிறீர்கள் என்றார் ஒரு நண்பர். என்னை மிகவும் யோசிக்க வைத்த கேள்வி இது. என் பதில்: குறிப்பு, புத்தகத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. முழுக்கதை எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லி, அதற்குள் இது வருகிறது என்று சொல்ல வேண்டும்.

மூன்று, இதனால் பலன் உண்டா? மனநல ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அறிவிப்பைப் பார்த்தவர்களுக்குப் படிக்கும்போது ஏற்படும் வேதனை குறையவில்லை, படிக்கும் முன் பதற்றம் கொஞ்சம் கூடுகிறது, பெரும்பாலோர் அதைப் பார்த்து விலகிப் போவதும் இல்லை என்கிறது. ஆகவே இதை மருந்து என்று நான் சொல்லப் போவதில்லை. 'பார்த்து, படி இருக்கு' என்று சொல்வதால் படியின் உயரம் குறைந்துவிடுமா? சொல்வது மரியாதை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்ய வேண்டியது.

நாங்கள் செய்வது

செயற்குழுவில் பேசி, பீரோவைத் திறந்தோம். பதினொரு புத்தகமும் பழைய இடத்துக்கே போயின. ஒவ்வொரு புத்தகத்தின் பின் அட்டை உள்பக்கத்தில் ஒரு சிறு தாள் ஒட்டுகிறோம். முன் அட்டையில் ஒட்டுவதில்லை. விளம்பரமாகக் கூடாது, வேண்டாதவர் பார்க்காமலும் இருக்கலாம். படித்தவர்தான் எழுத வேண்டும், படிக்காதவர் எழுதக் கூடாது. 'மோசம்', 'அசிங்கம்', 'விரசம்' போன்ற சொற்கள் கிடையாது. என்ன இருக்கிறது, லேசாகவா விரிவாகவா, ஏறக்குறைய எந்த இடத்தில், அவ்வளவுதான். யார் சாகிறார், கடைசியில் என்ன ஆகிறது என்று கதையை உடைக்கக் கூடாது.

உதாரணத்துக்கு ஒன்று: 'கிராமத்துக் கூட்டுக் குடும்பம் சிதறுவது பற்றிய நாவல். நடுவில் கணவன் மனைவி அந்தரங்கம் மூன்று பக்கம், வெளிப்படையாக.' இன்னொன்று: 'இலங்கைப் போர்க்காலக் கதை. குண்டுவீச்சும் சிறுவர் மரணமும் பல இடங்களில், விரிவாக.' இவ்வளவு போதும். உடம்பு சம்பந்தப்பட்டது மட்டும்தான் எச்சரிக்கைக்கு உரியது என்று நினைத்ததுதான் எங்கள் முதல் தவறு. பிள்ளையை இழந்தவர் இருக்கிறார், வீட்டில் அடிபட்டவர் இருக்கிறார், சாதியின் பெயரால் அவமானப்பட்டவர் இருக்கிறார். யாருக்கு எது புண் என்று நோட்டைப் பார்த்துத் தெரியாது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளை தமிழ் நாவலைக் கையில் எடுப்பதே அபூர்வம். அதைப் பிடுங்கிவிட்டால் அடுத்த தடவை எடுக்காது. அந்தத் தாளை நீங்கள் முதலில் படியுங்கள். வேண்டுமென்றால் புத்தகத்தையும் படியுங்கள். பிறகு, "இதுல இப்படி ஒரு இடம் வரும், ஏதாவது கேக்கணும்னா கேளு" என்று சொல்லிக் கொடுங்கள். கோபித்துக்கொண்ட அந்த நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். விடுமுறையில் வந்தால் இரண்டு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். என்னுடையதைவிட அவள் எழுதுவது சுருக்கம்.

அந்தப் பெண்மணி திருப்பித் தந்த நாவலுக்கு நானே தாள் எழுதினேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அலமாரி முன்னால் நின்று அந்தத் தாளைப் படித்துக் கொண்டிருந்தார். நான் எதுவும் பேசவில்லை. புத்தகத்தை மூடி மறுபடி வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக் கொண்டு மேஜைக்கு வந்தார். "அது இருக்கட்டும், மாமா. அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றார்.

நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பாதி அலமாரிக்கு மேல் தாள் ஒட்ட வேண்டியிருக்கிறது. என் ஒருவனால் எல்லாவற்றையும் படித்து முடிக்க முடியாது. அன்பர்கள் எடுத்துப் போகும் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, அடுத்து எடுக்கப் போகிறவருக்காக இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.